ஒரு பக்கக் குவோட்டேஷன் நான்கு பக்கமான கதை

"வெள்ளிக்கிழமைக்குள்ள டெபாசிட் போட்டுட்டா, டைல்ஸ பழைய விலைக்கே எடுத்துடலாம் தங்கச்சி."

குத்தகையாளர் அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டுப் போன இரவு, எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள் கிடந்தது. ஒரே ஒரு பக்கம். மேலே நிறுவனத்தின் சின்னம், நடுவில் ஒன்பது வரிகள், கீழே தடித்த எழுத்தில் 78,000 ரிங்கிட். அதற்கும் கீழே, கையெழுத்துப் போட இரண்டு கோடுகள்.

கிள்ளானில் எங்களுடையது கார்னர் லோட் வீடு. பின்பக்கமும் பக்கவாட்டிலும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் நீச்சல் குளம் கட்டுவதற்கான குவோட்டேஷன் அது. என் கணவர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். நீச்சல் பழகியது தோட்டத்தை ஒட்டி ஓடிய ஆற்றில். சொந்த வீட்டில் குளம் கட்டி மகனுக்குத் தானே நீச்சல் சொல்லித்தர வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பே அவர் என்னிடம் சொன்ன ஆசை. அதற்காகப் பல வருடம் சேர்த்த பணம் வங்கியில் தயாராக இருந்தது. பேனாவும் அவர் கையில் தயாராக இருந்தது.

"நாளைக்குப் போடலாமே" என்றேன்.

"ஏன்? நம்ம ஆளுதானே. மச்சானோட கூடப் படிச்சவரு" என்றார்.

அதுதான் எனக்கும் இடித்தது. நான் வேலை செய்வது ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில். 300 ரிங்கிட்டுக்குப் பிரிண்டர் மை வாங்குவதானாலும் மூன்று குவோட்டேஷன் கேட்பேன். அளவு, எண்ணிக்கை, உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். முதலாளியின் 300 ரிங்கிட்டுக்கு இவ்வளவு பார்க்கிறவள், சொந்தக் காசு 78,000 ரிங்கிட்டை ஒன்பது வரியை நம்பிக் கொடுக்கப் போகிறேனா?

அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தாளில் இல்லாதவற்றை எழுத ஆரம்பித்தேன்.

ஒன்பது வரிகள்

மண் தோண்டுதல், கான்கிரீட் தொட்டி, நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், பம்பும் ஃபில்டரும், நான்கு விளக்குகள், சிறிய நீர்வீழ்ச்சி, சுற்றிலும் தளம், ஏணி. இவ்வளவுதான்.

தோண்டிய மண் எங்கே போகும்? கான்கிரீட் எந்தத் தரம், எத்தனை செண்டிமீட்டர் கனம்? கம்பி எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இடைவெளியில்? நீர்க்கசிவுத் தடுப்பு எத்தனை பூச்சு? பம்ப் எத்தனை குதிரைத்திறன்? மின்சார இணைப்பை யார் இழுப்பது? மாநகர் மன்ற அனுமதி யார் பொறுப்பு? பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் யார் செலவு? குளம் ஒழுகினால் எத்தனை வருடத்துக்கு அவர் வந்து பார்ப்பார்?

எழுதி முடித்தபோது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. ஒன்பது வரிகளில் விளக்கு எத்தனை என்பது தெளிவாக இருந்தது. சுவர் எத்தனை கனம் என்பது இல்லை. கண்ணுக்குத் தெரியும் அழகு எழுதப்பட்டிருந்தது. மண்ணுக்குள் மறையப் போகிற எதுவும் எழுதப்படவில்லை.

7 மீட்டரையும் 3.5 மீட்டரையும் 1.5 மீட்டரையும் பெருக்கினால் 36.75 கன மீட்டர். அதாவது 36,750 லிட்டர் தண்ணீர். எடையில் 36 டன்னுக்கும் மேல். ஒரு மைவி கார் ஏறக்குறைய ஒரு டன் என்றால், 36 மைவி கார்களை என் சமையலறைக்குப் பின்னால் நிறுத்தி வைப்பது போல. அதைத் தாங்கப்போகும் சுவரைப் பற்றித் தாளில் இருந்தது 'கான்கிரீட் தொட்டி' என்ற இரண்டே சொல்.

கிள்ளான் மண் வேறு மாதிரி

மறுநாள் கணவரைச் சமாதானப்படுத்தி ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற சிவில் பொறியாளர் ஒருவரை வரச் சொன்னோம். நேரில் வந்து பார்த்துக் கருத்துச் சொல்ல 600 ரிங்கிட். "குளமே கட்டல, அதுக்குள்ள 600 வெள்ளியா?" என்று கணவர் முணுமுணுத்தார்.

பொறியாளர் முதலில் குவோட்டேஷனைப் பார்க்கவில்லை. எங்கள் கார் போர்ச்சைப் பார்த்தார். வீட்டுத் தரைக்கும் போர்ச் தரைக்கும் நடுவே இரண்டு விரல் அளவு இறக்கம் இருந்தது. கிள்ளான் பக்கம் வசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இந்த வட்டாரத்தில் பல இடங்களில் அடியில் இருப்பது மென்மையான கடற்களிமண். பைலிங் போட்டுக் கட்டிய வீடு அப்படியே நிற்கும். மண்மேல் போட்ட தளம் மெல்ல மெல்ல இறங்கும்.

அடுத்து, பின்பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சிறிய துளை ஒன்றைப் போடச் சொன்னார். அதன்மேல் பலகையை வைத்து மூடிவிட்டு, மறுநாள் காலையில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். காலையில் பலகையை எடுத்துப் பார்த்தால், தரையிலிருந்து அரை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நின்றது. மழையே பெய்யவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு அவர் போனில் சொன்னது இதுதான்: "தண்ணி நிறைஞ்ச குளம் பிரச்சினை இல்ல மேடம். காலி குளம்தான் பிரச்சினை."

அவர் போட்டுக் காட்டிய கணக்கு யாருக்கும் புரியும். சுவரும் அடித்தளமும் 20 செண்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் வெளி அளவு ஏறக்குறைய 49 கன மீட்டர். பெருமழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், அது தொட்டியை மேல்நோக்கி 49 டன் விசையோடு தள்ளும். காலித் தொட்டியின் கான்கிரீட் எடையோ சுமார் 30 டன்தான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த எடை தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கும். சுத்தம் செய்யவோ டைல்ஸ் மாற்றவோ தண்ணீரை இறைத்துவிட்டால், தொட்டி படகு மாதிரி மேலே எழும்பப் பார்க்கும். சுவர் வெடிக்கும், குழாய்கள் உடையும். உலகெங்கும் நீச்சல் குளங்களுக்கு நடப்பதுதான் இது.

இதற்குத் தீர்வுகள் உண்டு. ஆழத்தைக் குறைக்கலாம். அடித்தளத்தைக் கனமாக்கி, சுவருக்கு வெளியேயும் நீட்டினால், அதன்மேல் உட்காரும் மண்ணின் எடையும் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். வெளியே நீர் அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து தண்ணீரை உள்ளே விடும் வால்வு ஒன்றை அடித்தளத்தில் பொருத்தலாம். பக்கத்தில் ஒரு குழாயை இறக்கி வைத்தால், குளத்தைக் காலி செய்யுமுன் நிலத்தடி நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய செலவு எதுவுமில்லை. ஆனால் கட்டும்போதே செய்ய வேண்டும். கட்டி முடித்தபின் இவற்றைச் சேர்ப்பது கடினம்.

இன்னொன்றையும் சுட்டிக் காட்டினார். குத்தகையாளரின் படத்தில் பம்ப் அறை தரைக்குக் கீழே இருந்தது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதியின் பெருவெள்ளம் கிள்ளான், ஷா ஆலம் வட்டாரத்தில் யாருக்கும் மறந்திருக்காது. "இங்க தரைக்குக் கீழ மோட்டார் வைக்கலாமா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில்

அனுமதி விஷயத்தில் குவோட்டேஷனின் கடைசி மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'அனுமதி வீட்டு உரிமையாளர் பொறுப்பு.' அதை முதல் நாள் நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

நம் சொந்த நிலத்தில் குழி தோண்ட யாரைக் கேட்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி (சட்டம் 133) கட்டுமான வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதியில்லாத வேலையை நிறுத்தவும், கட்டியதை இடிக்கச் சொல்லவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடிதம் வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். குத்தகையாளர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

பொறியாளர் வீட்டு வரைபடத்தைக் கேட்டார். வீடு வாங்கியபோது கொடுத்த கோப்பைத் தேடி எடுத்தோம். அதில் எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய், சமையலறைக்குப் பின்னால் கிளம்பி, பின்சந்தில் இருக்கும் பொதுக் குழாய்க்குப் போவது தெரிந்தது. நடுவில் ஒரு சதுரம். அங்கே ஒரு மூடி இருக்க வேண்டும் என்றார்.

"எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார் கணவர்.

"இருக்குப்பா" என்றார் அத்தை, என் மாமியார். "அதுமேலதான் கறிவேப்பிலைத் தொட்டி வெச்சிருக்கேன்."

தொட்டியை நகர்த்தினோம். சிமெண்டு மூடி பளிச்சென்று இருந்தது. குவோட்டேஷனில் போட்டிருந்த 7 மீட்டர் குளம் அந்தக் குழாயை நேராகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கும். எஸ்கவேட்டர் இயந்திரம் வந்த முதல் நாளே வீட்டுக் கழிவுநீர் குழிக்குள் வந்திருக்கும். அப்போது பாதிப் பணம் கொடுத்து முடித்திருப்போம்.

குழாய்க்கு இடம் விட்டுப் பார்த்தால், 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும்தான் மிஞ்சியது. என் கணவரின் முகம் வாடியதைப் பார்த்தேன். ஒரு மீட்டர்தான் குறைந்தது. ஆனால் அவர் மனதில் பல வருடமாக இருந்த குளத்திலிருந்து குறைந்தது.

அத்தை கேட்ட கேள்வி

என் இரண்டு பக்கப் பட்டியலில் எழுதத் தவறிய ஒன்றை அத்தை கேட்டார். அவருக்கு 68 வயது. நீச்சல் தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபின், 4 வயது மகனோடு வீட்டில் இருப்பது அவர்தான்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. புள்ள உள்ள விழுந்துட்டா நான் எப்படிம்மா இறங்குவேன்?"

யாரும் பேசவில்லை. நானும் கணவரும் குளத்தைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு முறையும், அதில் நாங்கள் இருப்பது போலவே நினைத்திருந்தோம். நாங்கள் குளத்தில் இருக்கப்போவது வாரத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அந்தத் தண்ணீர் அத்தைக்கும் பேரனுக்கும் பக்கத்தில் சும்மா கிடக்கும்.

ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளே உலக அளவில் நீரில் மூழ்கி இறப்பதில் முன்னால் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் சினிமாவில் பார்ப்பது போலக் கையைக் காலை ஆட்டிக் கூச்சல் போடுவது பெரும்பாலும் நடப்பதில்லை. சத்தமே கேட்காது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றிக் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். வேலிக்குப் பக்கத்தில் பிள்ளை ஏறக்கூடிய நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக்கூடாது.

எங்கள் குவோட்டேஷனில் நீர்வீழ்ச்சி இருந்தது. வேலி இல்லை.

இன்னோர் ஆபத்து குளத்தின் அடியில் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சும் துவாரம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதைப் பிள்ளையின் உடலோ தலைமுடியோ அடைத்துக்கொண்டால், பம்பின் முழு இழுவிசையும் அங்கே சேரும். பெரியவர்களாலும் எளிதில் இழுத்து விடுவிக்க முடியாது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002-இல் இப்படித்தான் இறந்தார். அதன் பிறகு, 2007-இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. தீர்வு எளியது. துவாரம் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டுக்கும் உடலோ முடியோ அடைத்துச் சிக்காதபடி வடிவமைத்த மூடி வேண்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று இழுக்கும்.

மின்சாரமும் அப்படித்தான். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில் ஓட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். இணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் செய்ய வேண்டும். 'நான்கு விளக்குகள்' என்ற வரிக்குள் இதில் எதுவும் இல்லை.

"என்ன தங்கச்சி, நம்பிக்கை இல்லையா?"

குத்தகையாளர் அண்ணனை மறுபடி வீட்டுக்கு அழைத்தோம். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்றாவது கேள்வியிலேயே அவர் முகம் மாறியது.

"என்ன தங்கச்சி, நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்குத்தான் நம்மில் பலர் பயப்படுகிறோம். உறவு, ஊர், கூடப் படித்தவர் என்று வந்துவிட்டால் கேள்வி கேட்பதே அவமரியாதை ஆகிவிடுகிறது. நானும் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன்.

"நம்பிக்கை இருக்கறதாலதான் அண்ணே உங்களக் கூப்பிட்டுக் கேக்கறேன். இல்லாட்டி வேற ஆளக் கூப்பிட்டிருப்பேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தா விலை கூட வரும் தங்கச்சி. அடுத்தவன் ஒரு பக்கம் குடுத்து, விலையக் குறைச்சுக் காட்டி வேலைய எடுத்துட்டுப் போயிடுவான். வீட்டுக்காரங்க கடைசி நம்பரத்தான் பாக்கறாங்க. யாரு இதெல்லாம் கேக்கறாங்க?"

அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. இதற்கு முன் மேட்டு நிலங்களில் குளம் கட்டியிருக்கிறார். நிலத்தடி நீர் அங்கே தொல்லை கொடுத்ததில்லை. மண் அள்ளும் செலவு, மின்சாரம், அனுமதி என்று வேலை நடக்க நடக்கத்தான் வீட்டுக்காரர்களிடம் சொல்லி வாங்கியிருக்கிறார். ஒரு பக்கக் குவோட்டேஷனை அவர் மட்டும் உண்டாக்கவில்லை. கடைசி எண்ணை மட்டும் பார்க்கும் நாமும் சேர்ந்துதான் உண்டாக்குகிறோம்.

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எழுதிக் கொண்டாங்கண்ணே. கூட வந்தாலும் பரவால்ல. அப்புறம் பாப்போம்."

நான்கு பக்கம்

பத்து நாளில் புதிய குவோட்டேஷன் வந்தது. நான்கு பக்கம். குளம் 6 மீட்டர், 3 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர். தொகை 92,600 ரிங்கிட்.

"சின்னக் குளத்துக்குக் கூட காசா?" என்று கணவர் அதிர்ந்து போனார். நியாயமான கேள்விதான். பழைய தாளை எடுத்து, அதில் விட்டுப்போனவற்றை அண்ணன் இப்போது கொடுத்த விலையிலேயே கூட்டிக் காட்டினேன். மண்ணை லோரியில் அள்ளிக்கொண்டு போக 4,200. பொறியாளர் வரைபடமும் அனுமதியும் 7,500. மின்சார வேலை 3,800. வேலியும் கதவும் 6,400. மொத்தம் 21,900. பழைய 78,000-உடன் சேர்த்தால் 99,900 ரிங்கிட். கனமான அடித்தளம் அதில் இன்னும் சேரவில்லை. 78,000 என்ற விலை எப்போதுமே இருந்ததில்லை.

குளம் சிறியதானதில் வேறு லாபமும் கிடைத்தது. தண்ணீர் 36,750 லிட்டரிலிருந்து 21,600 லிட்டராகக் குறைந்தது. வீட்டுக் குளத்தின் தண்ணீர் முழுவதும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றிவர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 21,600 லிட்டர் ஆறு மணி நேரத்தில் சுற்ற, மணிக்கு 3,600 லிட்டர் போதும். அண்ணன் முதலில் மனதில் வைத்திருந்தது 1.5 குதிரைத்திறன் பம்ப். அது 1.1 கிலோவாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட். இப்போது அதில் பாதி அளவு பம்ப்பே போதும். அதுவும் தரைக்கு மேலே, உயர்த்திய மேடையில் வைக்கப்படும். நீர்வீழ்ச்சி போயிற்று. நான்கு விளக்குகள் இரண்டாயின. அந்தக் காசு வேலிக்குப் போனது.

பணம் எப்போது, எதற்கு?

முதல் தாளில் கையெழுத்துப் போட்டதும் 50 விழுக்காடு, குழி தோண்டியதும் 40, முடிந்ததும் 10 என்று இருந்தது. அதாவது, வீட்டில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும்போது 90 விழுக்காடு பணம் நம் கையை விட்டுப் போயிருக்கும். வேலை நின்றுபோனால் மிஞ்சுவது மழைத் தண்ணீர் தேங்கிய குழியும், அதில் ஏடிஸ் கொசுவும்தான்.

இப்போது எழுதியிருப்பது இப்படி: கையெழுத்தின்போது 10 விழுக்காடு. குழி தோண்டி, கம்பி கட்டி, பொறியாளர் பார்த்தபின் 20. கான்கிரீட் போட்டபின் 25. தண்ணீர்ச் சோதனை முடிந்தபின் 15. டைல்ஸ் முடிந்தபின் 15. பம்ப் ஓடி, தண்ணீர் தெளிந்து, எல்லாவற்றையும் ஒப்படைத்தபின் 10. கடைசி 5 விழுக்காடு ஆறு மாதம் கழித்து.

தண்ணீர்ச் சோதனை என்பது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தொட்டியை நிரப்பி, ஏழு நாள் விட்டுப் பார்ப்பது. பக்கத்திலேயே ஒரு வாளியிலும் தண்ணீரை நிரப்பி வைக்க வேண்டும். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவு குறையும். குளத்தில் மட்டும் அதிகம் குறைந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். டைல்ஸ் ஒட்டியபின் கசிவைத் தேடுவது, கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பது போலத்தான்.

'அப்படியே தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே' என்று நினைப்பீர்கள். நல்ல வழிதான். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போகலாம். ஆனால் அங்கே கோரக்கூடிய தொகைக்கு 50,000 ரிங்கிட் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் நீதிமன்றம்தான். அங்கும் இங்கும் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?' 'கான்கிரீட் தொட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால், ஒழுகும் தொட்டியும் கான்கிரீட் தொட்டிதான்.

நீங்கள் கட்டுவதாக இருந்தால்

குளமாக இருக்க வேண்டியதில்லை. சமையலறையை நீட்டுவது, கார் போர்ச்சுக்குக் கூரை போடுவது, எதுவானாலும் இவற்றைக் கேளுங்கள்.

குத்தகையாளர் சி.ஐ.டி.பி. எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா? 1994-ஆம் ஆண்டின் சட்டம் 520 அதைக் கட்டாயமாக்குகிறது. பதிவை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

ஒவ்வொரு வரியிலும் அளவு, தரம், எண்ணிக்கை இருக்கிறதா? கான்கிரீட் என்றால் தரமும் கனமும், கம்பி என்றால் தடிமனும் இடைவெளியும், பம்ப் என்றால் திறனும் மாடலும்.

எது விலையில் சேரவில்லை என்று தனியாக எழுதியிருக்கிறதா? இந்த ஒரு கேள்வியே பாதி உண்மையை வெளியே கொண்டு வந்துவிடும்.

அனுமதி யார் பொறுப்பு? கூடுதல் வேலை வந்தால் விலையை எப்படி முடிவு செய்வது? எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் வேலை இல்லை என்று ஒரு வரி இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுச் சுவரை, அவர்களையும் வைத்துக்கொண்டு, வேலை தொடங்குமுன் படம் எடுத்தீர்களா? பழைய விரிசலுக்கும் புதிய விரிசலுக்கும் வித்தியாசம் சொல்ல அந்தப் படங்கள்தான் சாட்சி.

அவர் இரண்டு மூன்று வருடம் முன்பு கட்டியதை நேரில் போய்ப் பார்த்தீர்களா? புதிதாகக் கட்டியது எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

கடைசியாக, அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவரிடம் தாளைக் காட்டினீர்களா? எங்கள் வீட்டில் மிக முக்கியமான கேள்வியைக் கேட்டவர், அந்தக் குவோட்டேஷனை ஒரு வரிகூடப் படிக்காதவர்.

போன மாதம் கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமை டைல்ஸ் விலை அப்படியொன்றும் ஏறிவிடவில்லை. வரைபடம் மாநகர் மன்றத்தில் இருக்கிறது. அனுமதி வந்தபிறகுதான் இயந்திரம் வரும்.

இப்போதைக்குப் பின்பக்கத்தில் நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறோம். சாயங்காலமானால் மகன் அதற்குள் குதித்துப் புல்மேல் நீந்துகிறான். அவன் அப்பா கயிற்றுக்கு வெளியே நின்று, காலை எப்படி அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். அத்தை தம் கறிவேப்பிலைத் தொட்டியை முன்வாசல் பக்கம் கொண்டு போய் வைத்துவிட்டார். வேலி வரப்போகும் இடத்தில் ஒரு தொட்டிகூட இருக்கக்கூடாது என்று அவருக்கு யாரும் இரண்டாம் முறை சொல்லவில்லை.